ஆரு சொன்னது கண்ணு?

ஏங்கண்ணு, உங்க காலேஜுல கடைசி வருசம் 'புராஜெக்ட்'னு ஒண்ணு பண்ணோணுமாமா? பண்ணு, பண்ணு. திருப்பூர்ல பொறந்துட்டு அதைப் பண்ணாம இருந்தா ஊருக்கே அசிங்கம். கோயமுத்தூர்ல இருந்து ஈரோடு வரைக்கும் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கற புள்ளைக ஒரே தலைப்பைத்தான் மாத்தி மாத்தி எழுதறாங்க. 'பின்னலாடைத் தொழிலாளர்களின் பணித் திருப்தி குறித்த ஓர் ஆய்வு.' அதுக்கு ஒரு வாலு வேற: 'திருப்பூரைச் சிறப்பு நோக்காகக் கொண்டு.' வால் இல்லீன்னா புராஜெக்ட் செல்லாதாட்ட இருக்குது. இத்தனை வருசமா இத்தனை பேரு சிறப்பா நோக்கியும் இந்த ஊருக்குத் திருஷ்டி படலைன்னா, அது மாரியாத்தா புண்ணியம்.

நான் பனியன் கம்பெனில கைமடியாச் சேந்து கட்டிங் மாஸ்டரா வெளிய வந்தவன். அதனால உங்க பாசைல எனக்கு ஒரு பட்டம் உண்டு. 'ரெஸ்பாண்டென்ட்.' வாயில நுழையாது, ஆனா கேக்கறதுக்குக் கௌரவமா இருக்குது. கையில ஒரு பேப்பர்க் கட்டு, கழுத்துல ஐடி கார்டு. வந்து நின்னு, "தாத்தா, ஒரு அஞ்சு நிமிசம்"ம்பாங்க. வயசு கேப்பாங்க. கேக்கற புள்ளையோட மொகத்தைப் பாத்து அம்பதுன்னும் சொல்லுவேன், எழுவதுன்னும் சொல்லுவேன். ஒண்ணாவது, "தாத்தா, மெய்யாலுமா?"ன்னு நிமிந்து பாத்ததா? எழுதிக்கிட்டுப் போயிரும். என்ற வயசே ஊருக்குள்ள நாலஞ்சு காலேஜுல நாலஞ்சு விதமா பைண்டு பண்ணி அலமாரில இருக்குது. அதை நாளைக்கு நீ எடுத்துப் படிச்சுட்டு, 'முந்தைய ஆய்வுகளின்படி'ன்னு ஆரம்பிப்பே.

கம்பெனிக்குள்ள நடக்கற கூத்து அதுக்கும் மேல. எச்.ஆர். தம்பி கொஸ்டினேரை வாங்கி லைன்ல குடுப்பான். பவர் டேபிள்ல உக்காந்திருக்கற பொண்ணுக்கு அன்னைக்கு டார்கெட் முடியலை. பின்னால சூப்பர்வைசர் நிக்கறான். 'எனது மேலாளர் என்னைக் கண்ணியமாக நடத்துகிறார்: முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், நடுநிலை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன்.' அந்தப் புள்ள எங்க டிக் போடும்? நீயே சொல்லு. போட்ட தாளை வாங்கி அடுக்கறதும் அதே எச்.ஆர். தம்பிதான். சாயங்காலம் நீ எழுதறே: 'பெரும்பாலான தொழிலாளர்கள் மேலாளரின் அணுகுமுறையில் திருப்தி கொண்டுள்ளனர்.' ஆமா சாமி, இல்லாமயா? மேலாளர் இன்னும் திருப்தியா இருப்பாரு.

இதுலயாவது ஒரு மனுசி டிக் போட்டிருக்கறா. டீக்கடை பெஞ்சுல போடற டிக்கை நான் கண்ணாலயே பாத்திருக்கறேன். 120 சாம்பிள் வேணுமாம். ரெண்டு பசங்க, ஒரு கட்டுத் தாளு, நீலப் பேனா, கறுப்புப் பேனா, ஒரு ஜெல் பேனா. பத்துத் தாளுக்கு ஒருதரம் பேனா மாத்தறான். ஒருத்தன் வலக்கைல போடறான், இன்னொருத்தன் இடக்கைல. சாருக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு அங்கங்க ஒரு 'நடுநிலை.' அட, என்னா சாமர்த்தியம்! மூணு டீ, ஒரு தட்டு பஜ்ஜி. 120 தொழிலாளியோட மனசு ரெடி. அப்புறம் அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, கை-ஸ்கொயர்ங்கறாங்க, என்னென்னமோ சொல்றாங்க. பொய்யைக் கூட்டிக் கழிச்சு, ரெண்டு புள்ளி சுத்தமாச் சொன்னா மெய்யாயிருமா கண்ணு?

சரி, அதுதான் நீங்க பண்றது. காலேஜுல என்ன சொல்லிக் குடுக்கறாங்க? கேட்டுப் பாத்தேன். மேற்கோள் போடறப்ப கமா எங்க வரோணும், புள்ளி எங்க வரோணும், எந்த எழுத்துச் சாஞ்சு நிக்கோணும், வருசத்தை அடைப்புக்குள்ள போடறதா வெளிய போடறதா. எழுத்துச் சாஞ்சிருக்குதான்னு பாக்கறாங்க. சொன்னவன் சாஞ்சிருக்கறானான்னு ஆரும் பாக்கறதில்லை.

அதுக்கப்புறம் காப்பி அடிச்சிருக்குதான்னு ஒரு சாப்ட்வேர்ல விட்டுப் பாப்பாங்களாம். 2018ல யு.ஜி.சி. ஒரு விதி போட்டுச்சு. பத்து சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனாத் தண்டனை இல்லை, அதுக்கு மேல போனாத்தான் விவகாரம். நல்ல விதிதான், திருட்டு ஒரு கட்டுக்குள்ள இருக்கோணுமில்ல? ஆனா அந்தச் சாப்ட்வேரு வார்த்தை ஒத்துப்போவுதான்னு பாக்குமே ஒழிய, விசயம் நெசமான்னு பாக்காது. 'நொய்யல் ஆறு கிழக்கே உற்பத்தியாகி மேற்கே வெள்ளியங்கிரியில் போய்ச் சேருகிறது'ன்னு எழுதிக் குடுத்துப் பாரு. பூச்சியம் சதவீதம் வரும். உனக்கு முன்னால எந்தக் கிறுக்கனும் அப்படி எழுதலையே!

இந்த ஊர்க்காரன் பேப்பரைக் கண்டு ஏமாறலாமா? ஒரு ரோல் துணி வருதுன்னு வெச்சுக்கோ. சிலிப்புல 180 ஜிஎஸ்எம்னு, அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம்னு போட்டிருக்குது. உன்ற அப்பன் அதைப் படிச்சுட்டுக் கட்டிங்குக்கு அனுப்பிருவானா? ரவுண்டு கட்டரை வெச்சு, அமுத்தி, ஒரு திருகு. நூறு சதுர சென்டிமீட்டருக்கு வட்டமா ஒரு வில்லை வரும். தராசுல வெச்சா 1.8 கிராம் இருக்கோணும். நூறால பெருக்கு, 180. 1.6 காட்டுச்சுன்னா ரோல் திரும்பிப் போவும். ஒரு எடத்துல மட்டும் வெட்டிப் பாத்தாலும் பத்தாது; ஓரத்துல, நடுவுல, ரோலோட அடியிலன்னு வெட்டோணும். அப்புறம் தொவைச்சுப் பாப்போம், எவ்வளவு சுருங்குதுன்னு. அப்புறம் எந்த லாட்டு, எந்த மில்லு நூலு, எந்தச் சாயப்பட்டறைன்னு பின்னாலயே போவோம். ஒரு பனியனுக்கு இத்தனை பாடு படறோம். அந்தப் பனியனப் பத்தி எழுதறவன், கூகுள்ல மொதல்ல வந்ததை அப்படியே எடுத்துத் தச்சுப் போடறான்.

உன்ற ரெண்டாவது அத்தியாயத்தை எடு. அதுல 1978ல வெரோனான்னு ஒரு இத்தாலிக்காரர் வெள்ளைப் பனியன் வாங்க வந்தாரு, அதுல இருந்துதான் நம்ம ஏற்றுமதி ஆரம்பிச்சுதுன்னு இருக்கும். எனக்குத் தெரியும், ஏன்னா எல்லார் புராஜெக்ட்டுலயும் அந்த வரி இருக்குது. கமா மொதக்கொண்டு. கூடவே 1925ல குலாம் காதர் மொத பனியன் கம்பெனி போட்டார்னு ஒரு வரி இருக்கும். நான் இல்லைங்கலை. ஆனா இதை நீ எங்க எடுத்தே? முன்னால படிச்சவன் புராஜெக்ட்டுல. அவன்? ஒரு வெப்சைட்டுல. அந்த வெப்சைட்டு? விக்கிப்பீடியாவுல. விக்கிப்பீடியாவுல அடியில ஒரு சின்ன நம்பர் இருக்குமே, அதை அமுத்திப் பாத்தியா? அதை ஆரும் அமுத்தறதில்லை. சுண்டு விரலுக்குச் சேதாரம் ஆயிருமாட்ட இருக்குது. நூறு பேரு சொல்றாங்கன்னு நீ நெனைக்கறே. சொன்னது ஒருத்தன்தான்; மிச்சம் தொண்ணூத்தொம்பது பேரு ஒப்பிச்சவங்க. அந்த ஒருத்தனுக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறதுதான் ரிசர்ச்சு. மிச்சமெல்லாம் டைப்பிங் சோலி.

சான்றிதழ் இருந்தா நம்பிரலாமில்ல தாத்தாங்கறியா? இருடா, அதுக்கும் ஒரு கதை வெச்சிருக்கறேன். நெசக் கதை. ஆர்கானிக் பருத்தி தெரியுமில்ல? மருந்தடிக்காத பருத்தி, வெலை ஜாஸ்தி. அதுக்கு கோட்ஸ்னு ஒரு உலகத் தரச் சான்றிதழ். வெவசாயி தோட்டத்துல இருந்து பனியன் வரைக்கும் ஒவ்வொரு கை மாறறப்பவும் ஒரு சர்டிபிகேட் கூடவே வரோணும். 2020 அக்டோபர்ல அந்த கோட்ஸ்காரங்களே ஒரு குண்டைப் போட்டாங்க. இந்தியாவுல 20,000 டன் சாதாப் பருத்தி, ஆர்கானிக்னு போலிச் சர்டிபிகேட்டுல போயிருக்குதுன்னு. எப்படிப் போச்சு தெரியுமா? சர்டிபிகேட்டுல கியூஆர் கோடு இருந்துது. சந்தேகப்பட்டவன் போனை வெச்சு ஸ்கேன் பண்ணுனான். அது நேரா அரசாங்க வெப்சைட்டுக்குப் போச்சு, 'அசல்'னு சொல்லுச்சு. அப்புறம் பாத்தா அந்த அரசாங்க வெப்சைட்டே போலி! அச்சு அசலா இன்னொண்ணு கட்டி வெச்சிருக்கறாங்க. பேப்பரும் பொய், பேப்பரைச் சோதிக்கற எடமும் பொய். கை தட்டோணும் போல இருந்துது எனக்கு. திருட்டுன்னாலும் ஒரு தொழில் சுத்தம் வேணுமில்ல?

உங்க படிப்பு உலகத்துலயும் இதே ஏவாரம் கொடிகட்டிப் பறக்குது, தெரியுமா? 'இன்டர்நேஷனல் ஜர்னல்'னு பேரு. இன்னைக்குப் பணம் கட்டுனா நாளன்னைக்கு உன்ற கட்டுரை அச்சுல. மூணு பேரு படிச்சுப் பாத்துச் சரின்னு சொன்னாங்கம்பான். அந்த மூணு பேரு ஆருன்னு அவனுக்கே தெரியாது. நல்ல ஜர்னலோட பேரையும் மொகப்பையும் எடுத்து அதே மாதிரி இன்னொரு வெப்சைட் கட்டி வெச்சு வசூல் பண்றவனும் இருக்கறான். அமெரிக்காவுல கொலராடோவுல ஜெஃப்ரி பீல்னு ஒரு லைப்ரரியன், இந்தக் கள்ள ஜர்னல்களைப் பட்டியல் போட்டு வெச்சாரு. 2017ல அந்தப் பட்டியலை நீக்கிட்டாரு. நம்ம யு.ஜி.சி. ஒரு 'நல்ல பட்டியல்' போட்டுச்சு. அந்த நல்ல பட்டியல்ல இருந்தே 2018 மே மாசம் 4,305 ஜர்னலைத் தூக்குச்சு. அப்புறம் 'கேர்'னு இன்னொரு பட்டியல். 2025ல அதையும் நிறுத்திட்டு, இனிமே நீங்களே பாத்துக்குங்கன்னு காலேஜுகளுக்கே தாட்டி உட்டுருச்சு. அப்ப பாக்க வேண்டியது ஆரு? நீதான் கண்ணு. பட்டியல் போடறவனை நம்பி எத்தனை நாளைக்கு உக்காந்திருப்பே?

இதெல்லாம் மார்க்கு விவகாரம், போனாப் போவுதுன்னு நெனைக்காதே. 2023 மார்ச் மாசம் நெனப்பிருக்குதா? ஒரு வாரம் இந்த ஊரே ஆடிப்போச்சு. தமிழ்நாட்டுல பீகார்த் தொழிலாளிகளை வெட்டறாங்க, தொங்க விடறாங்கன்னு வீடியோ. வீடியோன்னா போதுமே, கண்ணால பாத்துட்டமே! பெரிய இந்திப் பத்திரிகையே அதைச் செய்தியாப் போட்டுச்சு. பாட்னா சட்டசபைல கூச்சல். இங்க லைன் வூட்டுல குடியிருக்கற பசங்களுக்கு ஊர்ல இருந்து அம்மா அழுதுக்கிட்டு போன் பண்றா, 'எதையும் பாக்காதே, ரயில் ஏறி வந்துரு'ன்னு. மெசின்ல பாதி தச்ச பனியனை அப்படியே போட்டுட்டு பசங்க மூட்டையைக் கட்டறாங்க. ஸ்டேசன்ல கூட்டம். அந்தக் கூட்டத்தைப் படம் புடிச்சு, 'பாருங்க, தப்பிச்சு ஓடறாங்க'ன்னு இன்னொரு வீடியோ. அந்த வாரம் ஹோலிப் பண்டிகைன்னு ஒருத்தனும் சேத்துச் சொல்லலை.

டிஜிபி சைலேந்திர பாபு வந்து சொன்னாரு. அந்த வீடியோவுல ஒண்ணு திருப்பூர்ல முன்னால நடந்த சண்டை. அடிச்சவங்களும் அடி வாங்குனவங்களும் பீகார்க்காரங்களே. இன்னொண்ணு கோயமுத்தூர்ல உள்ளூர்க்காரங்க ரெண்டு பேருக்குள்ள நடந்த தகராறு. அக்கட்ட ராஜஸ்தான் ஜோத்பூர்ல ஒரு வக்கீலைக் கொன்ன வீடியோவும் தமிழ்நாடுன்னு பேரு மாத்திச் சுத்துச்சு. பீகார் அரசாங்கமே அதிகாரிகளை இங்க அனுப்பி வெச்சுது. அவங்க திருப்பூர், கோயமுத்தூர்னு போயி, தொழிலாளிகளையே பாத்துக் கேட்டுட்டுப் போனாங்க. அப்புறந்தான் அடங்குச்சு.

பாத்தியா? வீடியோ பொய் இல்லை. அடி விழுந்தது நெசம், ரத்தம் நெசம். எங்க, எப்ப, ஆருக்கும் ஆருக்கும்ங்கற மூணும்தான் பொய். அந்த மூணையும் கேக்கறதுக்கு ஒரு டிகிரி வேணுமா? வீடியோவுல கடை போர்டு எந்தப் பாசைல இருக்குது, ஆளுக என்ன பேசறாங்க, வண்டி நம்பர் எந்த ஊர்து. இதைப் பாக்க எங்க அமுச்சி போதும். அவ கைநாட்டு. ஆனா கேப்பையில நெய் வடியுதுன்னு ஒருத்தன் சொன்னா, 'எந்தூருக் கேப்பை?'ன்னு கேட்டுட்டுத்தான் அடுத்த பேச்சு பேசுவா.

எண்ணுன்னா நம்பலாமா? உன்ற மொத அத்தியாயத்துல திருப்பூர் மக்கள்தொகை என்னன்னு போட்டே? ஒருத்தன் நாலரை லட்சம்ங்கறான், இன்னொருத்தன் எட்டேமுக்கால் லட்சம்ங்கறான். ரெண்டும் 2011 சென்சஸ். எவன் புளுகன்? ரெண்டு பேரும் இல்லை. எண்ணறப்ப இருந்த மாநகராட்சி எல்லைக்குள்ள 4 லட்சத்து 44 ஆயிரம் பேரு. அப்புறம் வேலம்பாளையம், நல்லூர், சுத்துப்பட்டுப் பஞ்சாயத்து எல்லாத்தையும் ஒட்டுக்காச் சேத்தாங்க. 8 லட்சத்து 77 ஆயிரம் ஆச்சு. ராத்திரியோட ராத்திரியா ஒருத்தரும் புள்ளை பெத்துக்கலை, கோடு நகந்துச்சு. ஒரு புள்ள '2001இல் திருப்பூர் மாவட்டத்தின் நிலை'ன்னு பட்டை பட்டையா படம் போட்டு வெச்சிருந்துது. மாவட்டம் பொறந்ததே 2009ல கண்ணு. கோயமுத்தூர்ல கொஞ்சம், ஈரோட்டுல கொஞ்சம் வெட்டி எடுத்தது. பொறக்காத புள்ளைக்கு எவன் எடை போட்டான்? பழைய தாலுகாக் கணக்கை எடுத்துச் சேத்துக் கூட்டியிருந்தா, அதை அடியில சொல்லோணுமில்ல? இதுல '2024 மக்கள்தொகை'ன்னு கடைசி எலக்கம் வரைக்கும் போடற வெப்சைட்டும் இருக்குது. அந்த வருசம் உன்ற வூட்டுக்கு எவனாவது வந்து தலையை எண்ணுனானா?

ஏற்றுமதிக் கணக்கும் அப்படித்தான். 'இந்த வருசம் கூடுச்சு'ம்பாங்க. ரூபாய்லயா, டாலர்லயா? ரூபா மதிப்பு எறங்குனா, அதே சரக்கு அதே டாலருக்குப் போனாலும் ரூபாக் கணக்கு ஏறும். ஆரு சொன்னதுன்னும் பாரு. சங்கத்து ஆண்டு விழாவுல மாலையைப் போட்டுக்கிட்டுப் பேசறப்பத் தொழில் ஓகோன்னு இருக்கும். டெல்லிக்கு மனு எழுதறப்ப நாளைக்கே மூடப் போற மாதிரி இருக்கும். ரெண்டும் ஒரே லெட்டர்பேடுதான். பொய்னு சொல்லலை. எதுக்குச் சொல்றான்னு தெரிஞ்சுக்கிட்டு எடுத்துக்கோங்கறேன்.

'தாத்தா, இப்பெல்லாம் ஏஐ கிட்டக் கேட்டாப் போதும்'னு சொல்றே. உன்ற மொகத்துலயே தெரியுது. நியூயார்க்ல ஒரு வக்கீல் உன்னையாட்டவே கேட்டாரு. ஏர்லைன்ஸ் கம்பெனி மேல ஒரு கேசு. பழைய தீர்ப்பெல்லாம் எடுத்துக் குடுன்னு சாட்ஜிபிடி கிட்டச் சொன்னாரு. அது குடுத்துச்சு, கேசு பேரு, நம்பரு, நீதிபதி பேரு, எல்லாம் சுத்தமா. அப்படியே கோர்ட்டுல போட்டாரு. தேடிப் பாத்தா ஆறு தீர்ப்பு உலகத்துலயே இல்லை. 2023 ஜூன்ல 5,000 டாலர் அபராதம். இதுல எனக்குப் புடிச்சது என்ன தெரியுமா? அந்த மனுசனுக்கு நடுவுல சந்தேகம் வந்திருக்குது. வந்து என்ன பண்ணுனாரு? 'இந்தக் கேசு நெசந்தானா?'ன்னு அது கிட்டயே திரும்பக் கேட்டாரு. அது 'நெசந்தான்'னு சொல்லுச்சு. களவாணியக் கூப்புட்டு, 'நீ எடுத்தியா?'ன்னு கேட்டுட்டு, 'இல்லீங்க'ன்னதும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பற பஞ்சாயத்து!

அப்ப எங்கதான் தேடறதுங்கறியா? இப்பத்தான் ஒழுங்கான கேள்வி கேட்டே. உன்ற காலேஜ் லைப்ரரில ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க. பரீட்சைக்கு முன்னால பேன் காத்துக்கு மட்டும் நீங்க போற எடம். அவங்க கிட்டப் போயிக் கேளு. ஊர்லயே நெசமாத் தேடத் தெரிஞ்ச ஆளு அவங்கதான், ஒருத்தரும் கேக்காததால பத்திரிகைக்கு சீல் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாங்க. 2025ல இருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா'ன்னு மத்திய அரசு கொண்டாந்திருக்குது. மூணு வருசத்துக்கு 6,000 கோடி ரூபா. அரசு காலேஜ்ல படிக்கற புள்ளைகளுக்கு பதிமூணாயிரம் ஜர்னல் வரைக்கும் சும்மாவே தொறக்கும். 6,000 கோடியைக் கட்டிட்டு அவன் கதவைத் தொறந்து வெச்சிருக்கறான், நீ இன்னும் ஜெராக்ஸ் கடைல பழைய புராஜெக்ட் பேரம் பேசிக்கிட்டு நிக்கறே. சோத்கங்கான்னு இன்னொண்ணு, நாடு முச்சூடும் எழுதுன பிஎச்.டி. ஆய்வேடு அங்க கெடக்குது. 'திருப்பூர்'னு தட்டிப் பாரு. சிறப்பு நோக்கு அங்கயும் மலையாக் குவிஞ்சிருக்குது. அதுல எது நெல்லு, எது பதருன்னு நீதான் பொடைக்கோணும்.

இந்த ஊரைப் பத்தி உருப்படியா எழுதுன ஆளுகளும் இருக்கறாங்க. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துல பத்மினி சுவாமிநாதனும் ஜெயரஞ்சனும் 1994லயே திருப்பூரைப் பத்தி ஒரு ஆய்வு எழுதி வெச்சாங்க. சரத் சாரின்னு ஒருத்தர் 'ஃப்ரெட்டர்னல் கேப்பிட்டல்'னு 2004ல ஒரு பொஸ்தகமே போட்டாரு. அவரு என்ன பண்ணுனாரு தெரியுமா? முதலாளிக கிட்டப் பேசறப்ப எல்லாரும், 'நாங்க ஒழைச்சு மேல வந்தவங்க'ன்னு சொன்னாங்க. நீயா இருந்தா அதை அப்படியே எழுதி, 'கடின உழைப்பே வெற்றிக்குக் காரணம்'னு முடிச்சிருப்பே. அந்த மனுசன், 'எல்லாரும் ஏன் ஒரே கதையச் சொல்றாங்க, அந்தக் கதையால அவங்களுக்கு என்ன ஆவுது?'ன்னு நோண்டுனாரு. அதுலதான் பொஸ்தகம் பொறந்துச்சு. அபிஜித் பானர்ஜி, நோபல் பரிசு வாங்குனாரே, அவரும் கைவான் முன்ஷியும் அதே 2004ல ஒரு கட்டுரை போட்டாங்க. உள்ளூர் கவுண்டருக கிட்ட மொதலு ஜாஸ்தி, ஆனா வெளிய இருந்து வந்தவங்க கம்பெனி வேகமா வளருதுன்னு கணக்குப் போட்டுக் காட்டுனாங்க. இதை எங்க பங்காளி ஒருத்தன் கிட்டச் சொன்னேன். "அதெல்லாம் வெளியூர்க்காரன் எழுதறது"ன்னுட்டான். அதுவும் ஒரு நல்ல கேள்விதான்னு வெச்சுக்கோ, ஆனா பதில் சொல்லோணும்னா கட்டுரையைப் படிக்கோணுமே. படிக்கற வரைக்கும் போவறதில்லை நம்மாளு.

ரெண்டு பக்கமும் சண்டை போடற விசயம்னா ரெண்டு பேப்பரையும் எடுத்து வெச்சுக்கோ. மில்லுல புள்ளைகளை வருசக்கணக்கா ஹாஸ்டல்ல வெச்சு, முடிவுல மொத்தமாப் பணம்னு 'சுமங்கலித் திட்டம்' நடந்துச்சே. 2011ல நெதர்லாந்துல இருந்து ரெண்டு அமைப்பு சேந்து, 'கேப்சர்ட் பை காட்டன்'னு அறிக்கை போட்டாங்க. மில்லுக்காரங்க மறுத்தாங்க. வெள்ளைக்காரன் எழுதுனதெல்லாம் வேதமும் இல்லை, மில்லுக்காரன் மறுத்ததெல்லாம் பொய்யும் இல்லை. எத்தனை புள்ளைக கிட்டப் பேசுனாங்க, எங்க வெச்சுப் பேசுனாங்க, ஹாஸ்டல் வார்டன் பக்கத்துல இருந்தாளான்னு பாரு. அதுக்கப்புறம் பேசுனது ஆருன்னு பாரு. அந்தப் புள்ளைகளே வாயைத் தொறந்து சொன்னது எதுலயாவது இருக்குதுன்னா, எனக்கு அதுதான் மொதப் பேப்பரு. மத்ததெல்லாம் அதுக்குப் பொறவு.

உன்ற தலைப்பு என்ன சொன்னே? நொய்யலும் சாயப்பட்டறையுமா? நல்ல தலைப்பு. ஆனா யூடியூப்ல ஆரம்பிக்காதே. 2011 ஜனவரி 28ல சென்னை ஹைகோர்ட்டு, கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளிய விடாமச் சுத்திகரிக்கற வரைக்கும் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. எழுநூத்துக்கும் மேல பட்டறை ஒரே அடியா நின்னுச்சு. அதைப் பத்திப் பத்திரிகை எழுதுனது ஒண்ணு, முதலாளி சொன்னது ஒண்ணு, கட்சிக்காரன் பேசுனது ஒண்ணு. கோர்ட்டு என்ன சொல்லுச்சுன்னு கோர்ட்டுத் தாள்ல இருக்குது, காசு குடுக்காம இன்டர்நெட்டுலயே கெடைக்குது. நீளமா இருக்கும், தூக்கம் வரும், இங்கிலீசு கடுப்படிக்கும். படி. ஆரு கேசு போட்டாங்க, அதுக்கு முன்னால 2006ல என்ன உத்தரவு, எத்தனை தடவை வாய்தா, எல்லாம் அதுலயே வரும். பாசனத்துக்குன்னு கட்டுன ஒரத்துப்பாளையம் அணைல சாயத்தண்ணி தேங்கி, பாசனக்காரங்களே கோர்ட்டுப் படி ஏறுனதும் அதுலதான் புரியும்.

படிச்சு முடிச்சுட்டு ஒரத்துப்பாளையம் போ. ஒண்ணும் சீமை இல்லை, காலைல கெளம்புனா பொழுதோட திரும்பிரலாம். அணைக்குக் கீழ தோட்டம் வெச்சிருக்கறவங்க இருக்கறாங்க. கெணத்துத் தண்ணி எப்ப மாறுச்சு, என்ன வெள்ளாமை நின்னு போச்சு, இப்ப எப்படி இருக்குதுன்னு கேளு. டிக் போடற தாளைக் கொண்டு போவாதே. அவங்க சொல்றதையும் அப்படியே நம்பிராதே. அவங்களுக்கும் நட்டஈட்டுக் கணக்கு ஒண்ணு இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல தண்ணிச் சோதனை அறிக்கை இருக்குது, தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி எழுதிக் கேளு. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. மூணும் ஒத்துப்போற எடத்தை மொதல்ல எழுது. ஒத்துப்போவாத எடத்தை மறைக்காம எழுது, அங்கதான் உனக்குச் சோலி இருக்குது.